மூன்றாவது மாதத்துக்கு அப்பால்: வெளிநாட்டு எம்பிஏ படித்தவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள்?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் 2024ஆம் ஆண்டு எம்பிஏ முடித்தவர்களைப் பற்றி இரண்டு எண்கள் வெளியாயின. வேலையில் சேர்ந்தவர்களின் அடிப்படைச் சம்பளத்தில் நடுமதிப்பு 1,75,000 டாலர். அதே வகுப்பில் வேலை தேடியவர்களில் 23 சதவீதம் பேர், படிப்பு முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2022இல் இப்படித் தேடிக்கொண்டிருந்தவர்கள் 10 சதவீதம்தான்.

முதல் எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குப் பயிற்சி தரும் மையங்களில் அது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாவது எண் சில நாள் செய்தியாக இருந்துவிட்டு மறைந்துபோனது. இரண்டும் உண்மை. ஆனால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு, வீட்டை அடமானம் வைத்துப் படிக்கப் போகலாமா என்று யோசிப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் சேர்ந்தாலும் போதாது. பள்ளியின் பெயர் முதல் கதவைத் திறக்கிறது. அதற்குப் பிறகு எந்த ஊரில், எப்படிப்பட்ட நிறுவனத்தில், எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் குடியேற்றச் சட்டமும் கல்விக் கடனும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டும் பள்ளியின் சிற்றேட்டில் இருப்பதில்லை.

அறிக்கையை எப்படிப் படிப்பது

பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கை பொய்யல்ல. பெரிய பள்ளிகள் பலவும் ஒரே விதிமுறையின்படி கணக்கெடுக்கின்றன: படிப்பு முடிந்த மூன்றாவது மாதத்தில், வேலை தேடியவர்களில் எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது என்று பார்க்கிறார்கள். 'வேலை தேடியவர்களில்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி பணம் கட்டி அனுப்பியவர்கள் பழைய வேலைக்கே திரும்புவார்கள். அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள், குடும்பத் தொழிலுக்குப் போகிறவர்கள், மேற்கொண்டு படிக்கிறவர்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 500 பேர். மேலே சொன்ன வகையினர் 150 பேர் கழிந்தால் மிச்சம் 350. அதில் 90 சதவீதம் பேருக்கு வேலை என்றால் 315 பேர். மொத்த வகுப்பை வைத்துப் பார்த்தால் இது 63 சதவீதம். விலகியவர்களில் பலர் நல்ல நிலையில்தான் இருப்பார்கள், அதனால் 63ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஆனால் நல்ல வேலை கிடைக்காமல் வெறுத்துப்போய் 'நான் இப்போது தேடவில்லை' என்று எழுதிக் கொடுத்தவரும் அந்த 150க்குள்தான் இருக்கிறார்.

சர்வதேசத் தரவரிசைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பைனான்சியல் டைம்ஸ் 1999 முதல் வெளியிட்டுவரும் உலக எம்பிஏ தரவரிசை, படித்து முடித்து மூன்று ஆண்டு ஆனவர்களின் சம்பளத்தைப் பெரிய அளவுகோலாக வைத்திருக்கிறது. மூன்று மாதக் கணக்கைவிட இது மேல். ஆனால் அந்தச் சம்பளத்தைச் சந்தை மாற்று விகிதத்தில் டாலராக மாற்றுவதில்லை; ஒவ்வொரு நாட்டின் விலைவாசிக்கேற்ற வாங்கும் திறன் விகிதத்தில் மாற்றுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாய் வாங்குகிறவரின் சம்பளம் வங்கியில் மாற்றினால் சுமார் 40,000 டாலர். இந்தக் கணக்கில் அது 1,50,000 டாலரைத் தாண்டிவிடும். மும்பையில் வாழ்ந்து மும்பையில் செலவு செய்கிறவருக்கு அது நியாயமான ஒப்பீடு. டாலரிலோ யூரோவிலோ கடனை அடைக்க வேண்டியவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

பல அமெரிக்கப் பள்ளிகளின் அறிக்கையில், கடைசிப் பக்கங்களில், நம்மவர்கள் முதலில் தேட வேண்டிய ஒரு அட்டவணை இருக்கும். அமெரிக்காவில் நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து ஆஃபர் விவரத்தைக் கொடுத்திருப்பார்கள். மந்தமான ஆண்டுகளில் இரண்டு வரிசைக்கும் இடையே உள்ள இடைவெளி விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த அட்டவணையை முதல் பக்கத்தில் போடாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களிடம் முழுக் கட்டணமும் வாங்கும் பள்ளி, அவர்களுக்கான எண்ணை முதலில் சொல்ல வேண்டும்.

எதற்காகக் கட்டிய பள்ளிகள்

டார்ட்மவுத்தின் டக் பள்ளி 1900இலும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908இலும் தொடங்கின. வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மேலாளர்கள் வேண்டியிருந்தது. அவர்களைத் தயாரிக்கும் இடங்களாகத்தான் அவை இருந்தன. ஐரோப்பாவில் கம்பெனிகளே பள்ளி நடத்தின. ஆல்கான் அலுமினிய நிறுவனம் 1946இல் ஜெனிவாவிலும் நெஸ்லே 1957இல் லோசானிலும் தொடங்கிய இரண்டு பள்ளிகள் 1990இல் இணைந்ததுதான் இன்றைய ஐஎம்டி.

நெஸ்லே பள்ளி வந்த அதே 1957இல்தான் பாரிசுக்கு அருகே ஃபோன்தென்புளோவில் இன்சியாட் உருவானது. அதற்கு முன்னின்றவர் ஜார்ஜ் டோரியோ. பாரிசில் பிறந்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். அந்த ஆண்டுதான் ரோம் ஒப்பந்தத்தில் ஆறு ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்டுப் பொதுச் சந்தைக்கு அடித்தளம் போட்டன. எல்லை தாண்டி வேலை பார்க்கத் தெரிந்த மேலாளர்கள் ஐரோப்பாவுக்குத் தேவைப்படுவார்கள் என்று டோரியோ கணித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் புழங்கக்கூடியவர்களை எதிர்பார்த்துத் தொடங்கிய பள்ளி அது. 2000இல் சிங்கப்பூரில் இரண்டாவது வளாகம் திறந்தார்கள், பிறகு அபுதாபியில்.

இந்தப் பள்ளிகளிலிருந்து வெளியே வருகிறவர்களின் பாதையை மாற்றியது கம்பெனிகளோ வங்கிகளோ அல்ல, கன்சல்டிங் எனப்படும் ஆலோசனை நிறுவனங்கள். மெக்கின்சியை வழிநடத்திய மார்வின் பவர், தொழிற்சாலைகளில் பழுத்த அனுபவம் உள்ளவர்களை எடுக்கும் வழக்கத்தை 1950களில் மாற்றி, பிசினஸ் ஸ்கூல் முடித்த இளைஞர்களை நேராக எடுக்க ஆரம்பித்தார். 1963இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973இல் பெயின் வந்தன. இன்று மாணவர்கள் மூன்றையும் சேர்த்து 'எம்பிபி' என்கிறார்கள். இன்சியாடில் பல ஆண்டுகளில் வகுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் கன்சல்டிங்குக்குத்தான் போயிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். வெளிநாட்டு மாணவருக்கு அதைவிட வலுவான காரணங்கள் இருக்கின்றன. கன்சல்டிங் நிறுவனம் ஒரே பள்ளியில் பத்து, இருபது பேரை மொத்தமாக எடுக்கிறது. விசாச் செலவை ஏற்றுக்கொள்கிறது. முன்பு நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாட்டில் விசா கிடைக்காவிட்டால் இன்னொரு நாட்டு அலுவலகத்துக்கு மாற்றிவிட அதனால் முடியும்.

தண்ணீர் கேன் கணக்கு

முன்பு பார்த்த வேலையைப் பார்ப்பதில்லை என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? கேஸ் இன்டர்வியூ. மாணவர்கள் மாதக்கணக்கில் இரவிரவாக, வீடியோ அழைப்பில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகுவது இதற்குத்தான்.

'சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை 20 லிட்டர் தண்ணீர் கேன் விற்கும்?' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் கிடையாது. காகிதமும் பேனாவும் மட்டும். மாநகரமும் சுற்றுப்புறமும் சேர்த்து ஒரு கோடி பேர் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 25 லட்சம் வீடு. அதில் பாதி கேன் வாங்கும் என்று வைத்தால் பன்னிரண்டரை லட்சம். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால் தினமும் ஆறு லட்சத்துக்கு மேல். 'கடைகள், அலுவலகங்கள், மெஸ்கள், ஹாஸ்டல்களைச் சேர்க்கவில்லையே' என்பார் எதிரே இருப்பவர். அதற்கு ஒரு தனி மதிப்பீடு. 'சரி, இந்தக் கேன் கம்பெனியின் லாபம் இரண்டு ஆண்டாகக் குறைகிறது, ஏன்?' அடுத்த கேள்வி. வருமானம் குறைந்ததா, செலவு கூடியதா. வருமானம் என்றால் விலையா, எண்ணிக்கையா. செலவு என்றால் டீசலா, கேன் உடைவதா, கடைக்காரருக்குத் தரும் கமிஷனா என்று கிளை பிரித்துக்கொண்டே போக வேண்டும்.

ஆறு லட்சம் என்ற விடை சரியா என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. தெரியாத ஒன்றை உடைத்துப் பார்க்கும் முறையையும், நடுவில் மறித்தால் தடுமாறாமல் பேசுவதையும்தான் கவனிக்கிறார். பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதில். சத்தமாக யோசித்துப் பழகாதவர்கள் நாம். பள்ளியிலும் கல்லூரியிலும் விடை தெரிந்த பிறகு கையைத் தூக்குவதுதானே வழக்கம்?

இந்த வாசல் எப்போது திறக்கும் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் இரண்டு ஆண்டு எம்பிஏவில் முதல் ஆண்டு முடிந்ததும் வரும் கோடை இன்டர்ன்ஷிப்தான் உண்மையான நேர்காணல். பத்து, பன்னிரண்டு வாரம் வேலை பார்த்து, அங்கேயே ஆஃபர் வாங்கிக்கொண்டு இரண்டாம் ஆண்டுக்குத் திரும்புவார்கள். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போக நினைப்பவருக்கு இது இல்லாமல் வழியே இல்லை என்று சொல்லலாம். இன்சியாடின் படிப்பு பத்தே மாதம். ஆகஸ்டில் சேர்கிறவருக்குக் கோடை இடைவெளி கிடையாது. ஜனவரியில் சேர்கிறவருக்கு உண்டு. துறை மாற நினைக்கும் பலர் ஜனவரி வகுப்பைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். விண்ணப்பிக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் படிப்பு பாதி ஓடிய பிறகு தவிப்பார்கள்.

மாணவர்கள் 'ட்ரிபிள் ஜம்ப்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நாடு, துறை, வேலையின் தன்மை மூன்றையும் ஒரே தாவலில் மாற்றுவது. பெங்களூருவில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தவர் பாரிசில் ஆடம்பரப் பொருள் கம்பெனியில் மார்க்கெட்டிங் மேலாளர் ஆவது. பள்ளிகள் விளம்பரப்படுத்த விரும்பும் கதை அது. நடக்காமலும் இல்லை. ஆனால் வேலைச் சந்தை இறுகும் ஆண்டுகளில் முதலில் அடிபடுவது இவர்கள்தான். ஒன்றை மாற்றி இரண்டைக் கையில் வைத்துக்கொள்பவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது.

மொழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கும் என்று நம்பிப் போகிறார்கள். ஃப்ராங்ஃபர்ட் அலுவலகத்தில் வாடிக்கையாளர் ஜெர்மனில் பேசுவார். பாரிசிலும் மிலானிலும் அப்படியே. லக்சம்பர்கில் அமேசான் போன்ற விதிவிலக்குகள் உண்டு. பெர்லின், ஆம்ஸ்டர்டாம் ஸ்டார்ட்அப்களிலும் ஆங்கிலம் செல்லும். மற்றபடி ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் எம்பிஏ முடிக்கும் இந்தியர் லண்டன், துபாய், சிங்கப்பூர், இல்லையென்றால் திரும்பவும் மும்பை, பெங்களூரு என்ற வட்டத்துக்குள்தான் சுற்ற வேண்டியிருக்கிறது.

விசா போடும் பாதை

2009 மார்ச்சில் நடந்த ஒன்றை இன்று பலர் மறந்துவிட்டார்கள். நிதி நெருக்கடியில் அரசிடம் மீட்பு நிதி வாங்கிய வங்கிகள், எச்1பி என்ற வேலை விசாவில் புதிதாக ஆள் எடுக்கக் கடும் கட்டுப்பாடுகள் வைத்து அமெரிக்கா பிப்ரவரியில் சட்டம் போட்டது. அடுத்த சில வாரங்களில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, படிப்பை முடிக்கவிருந்த வெளிநாட்டு எம்பிஏ மாணவர்களுக்குக் கொடுத்திருந்த ஆஃபர்களைத் திரும்பப் பெற்றது. அந்த மாணவர்கள் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்த அமெரிக்கர்களின் ஆஃபரில் யாரும் கைவைக்கவில்லை.

இப்போதைய ஏற்பாடு இது. அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் இன்னொரு 24 மாதம். இந்தக் கூடுதல் இரண்டு ஆண்டுக்காகவே 2018க்குப் பிறகு பிசினஸ் ஸ்கூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் எம்பிஏவையோ அதன் சில பிரிவுகளையோ அந்த வகைக்குள் கொண்டுவந்தன. பாடத்தில் புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று ஆண்டு இருந்தால் எச்1பிக்கு மூன்று முறை முயலலாம். ஆண்டுக்கு 85,000 இடம்; அதில் 20,000 அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு. விண்ணப்பம் அதற்கு மேல் வருவதால் நெடுநாளாகக் குலுக்கல்தான். அந்தக் குலுக்கலில் அதிகச் சம்பளத்துக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தை 2025இல் அரசு முன்வைத்து, அந்த ஆண்டுக் கடைசியில் இறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் ஆணை வந்தபோது மாணவர்கள் கதிகலங்கிப் போனார்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது.

இந்த விதிகள் ஒருவரின் வேலைப்பாதையை எப்படி வளைக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்க மாணவர் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப்பில் சேரலாம். கம்பெனி மூடினால் அடுத்ததைத் தேடலாம். எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான். அதனால் அவர் பெரிய கம்பெனியாகத் தேடுகிறார். லாட்டரியில் பெயர் வராவிட்டால் லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ மாற்றி ஓராண்டு வைத்திருந்து, பிறகு நிறுவனத்துக்குள் இடமாற்ற விசாவில் திரும்பக் கொண்டுவரக்கூடிய கம்பெனியாக இருந்தால் நல்லது. 'ஏன் எல்லோரும் கன்சல்டிங், அமேசான் என்றே போகிறீர்கள், துணிச்சலே இல்லையா' என்று கேட்கிறவர்கள் இந்த 60 நாளை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பிரிட்டனில் விதி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. படிப்புக்குப் பின் வேலை தேடும் விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள். 2021 ஜூலையில் இரண்டு ஆண்டுக் காலத்துடன் வேறு பெயரில் திறந்தார்கள். 2027 தொடக்கத்திலிருந்து அதை 18 மாதமாகக் குறைக்கிறார்கள். 2013இல் லண்டனில் படித்தவரும் 2022இல் படித்தவரும் ஒரே பட்டம் வாங்கினாலும் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு ஒன்றல்ல. அண்ணன் போன வழியில் தம்பியை அனுப்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூர் 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' என்ற புள்ளி முறையைப் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கான புதிய விண்ணப்பங்களுக்குக் கொண்டுவந்தது. 40 புள்ளி வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, உள்ளூர்வாசிகளுக்கு வேலை தரும் அளவு ஆகியவற்றோடு, அந்தக் கம்பெனியில் விண்ணப்பதாரரின் நாட்டைச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே எத்தனை பேர் என்பதும் பார்க்கப்படுகிறது. நிபுணத்துவ வேலைகளில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருக்கும் கம்பெனியில் அடுத்த இந்தியருக்கு அந்தப் பிரிவில் பூஜ்யம். நம்மவர்கள் நிறைய இருக்கிற இடம் பாதுகாப்பானது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு; இங்கே அது புள்ளியைக் குறைக்கிறது.

கடன்

இன்சியாடின் கல்விக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் காலத்தில் அதுவே ஒரு கோடி ரூபாய். தங்கும் செலவு தனி. நம் ஊர் வங்கியில் இவ்வளவு பெரிய கடன் என்றால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள், அப்பாவோ அம்மாவோ கூடவே கையெழுத்துப் போட வேண்டும். சொத்து இல்லாதவர்களுக்கு 2007க்குப் பிறகு இன்னொரு வழி வந்தது. இன்சியாடில் படித்தவர்கள் தொடங்கிய ப்ராடிஜி பைனான்ஸ் என்ற நிறுவனம், ஜாமீன் இல்லாமல், மாணவர் பின்னால் சம்பாதிக்கப்போவதைக் கணித்துக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. வட்டி கூடுதல், கடன் அந்நியச் செலாவணியில்.

ஒரு கோடி ரூபாய்க் கடன், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 1,32,000 ரூபாய். 1,75,000 டாலர் சம்பளத்தில் இருப்பவருக்கு இது பெரிய பாரமில்லை. அவர் விசா கிடைக்காமல் பெங்களூருவுக்குத் திரும்பி ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு வேலையில் சேர்ந்தால், வரி போகக் கைக்கு வருவது மாதம் இரண்டரை லட்சத்தை ஒட்டி இருக்கும். அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். நாற்பது லட்சம் நம் ஊரில் மிக நல்ல சம்பளம். ஆனால் அவர் வாழ்வது இருபது லட்சம் வாங்குகிறவரைப் போல. கல்யாணம், வீடு, சொந்தத் தொழில் எல்லாம் தள்ளிப்போகும். வெளிநாட்டிலேயே எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு ஆசையில் மட்டும் வருவதில்லை, இந்தக் கணக்கிலிருந்தும் வருகிறது.

கம்பெனி பணத்தில் படிக்கிறவர்களுக்கு வேறு கட்டு. தென்கிழக்கு ஆசியாவின் வாடகைக் கார் செயலியான கிராப் நிறுவனத்தை உருவாக்கிய ஆன்டனி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்டில் ஒரே வகுப்பு. 2011இல் அங்கே நடந்த தொழில் திட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய யோசனை, அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் ஓட ஆரம்பித்தது. ஆனால் டான் ஹூய் லிங்கைப் படிக்கவைத்தது மெக்கின்சி. ஒப்பந்தப்படி அவர் அங்கே திரும்ப வேண்டியிருந்தது. கடமையை முடித்து, சேல்ஸ்ஃபோர்சில் வேலை பார்த்து, 2015இல்தான் தான் பாதி உருவாக்கிய கம்பெனியில் முழுநேரமாகச் சேர்ந்தார்.

இந்தக் கடன் கணக்கால்தான் ஓராண்டுப் படிப்புகளுக்கு இங்கேயே சந்தை உருவானது. ஹைதராபாத்தில் ஐஎஸ்பி என்ற பள்ளி 2001இல் அமெரிக்காவின் கெல்லாக், வார்ட்டன் பள்ளிகள், லண்டன் பிசினஸ் ஸ்கூல் துணையோடு வந்தது. சென்னையில் 2004இல் கிரேட் லேக்ஸ் பள்ளியைத் தொடங்கியவர், கெல்லாகில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த நம் பாலா பாலச்சந்திரன். இரண்டும் வேலை அனுபவம் உள்ளவர்களை ஓராண்டில் படிக்கவைத்து அனுப்பும் முறையில் வளர்ந்தவை.

முதல் வேலைக்குப் பிறகு

கன்சல்டிங்கில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று ஆண்டில் வெளியே வந்துவிடுகிறார்கள். அடுத்த படிக்குத் தகுதி பெறாதவரை மெல்ல வெளியே அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். வாரம் நான்கு நாள் விமானத்திலும் ஓட்டலிலும் கழிப்பதில் அலுத்துப்போய் வருகிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பதுதான் உண்மையான பாதை. அதைப் பள்ளிகள் எந்த ஆண்டறிக்கையிலும் விரிவாகச் சொல்வதில்லை.

சென்னைக்காரரான இந்திரா நூயி மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1976இல் ஐஐஎம் கல்கத்தாவை முடித்து, இங்கே ஜான்சன் அண்டு ஜான்சனிலும் மேட்டூர் பியர்ட்செல்லிலும் வேலை பார்த்த பிறகுதான் யேலுக்குப் போனார். செலவுக்கு இரவுநேர வரவேற்பாளர் வேலை பார்த்ததையும், நேர்காணலுக்குப் புடவையிலேயே போனதையும் அவரே சொல்லியிருக்கிறார். 1980இல் பட்டம் வாங்கியதும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஆறு ஆண்டு. பிறகு மோட்டரோலா, பிறகு ஏபிபி. 1994இல் பெப்சிகோ. தலைமைப் பதவி 2006இல். யேல் பட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே 26 ஆண்டு. யேலுக்குப் பிறகான முதல் மூன்று நிறுவனங்களில் எதுவும் குளிர்பானம் விற்கவில்லை.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை ஐஐடி கரக்பூர், ஸ்டான்ஃபோர்டு, செமிகண்டக்டர் துறையில் வேலை என்று போய், 2002இல் வார்ட்டனில் எம்பிஏ முடித்தார். மெக்கின்சியில் இருந்தது கொஞ்ச காலம்தான். 2004இல் கூகுள். அவர் கன்சல்டிங்கைத் தாண்டிப் போவதற்கு முந்தைய பொறியியல் அனுபவம் கைகொடுத்தது. சத்யா நாதெல்லா வேலையை விடவே இல்லை. 1992இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, வார இறுதிகளில் சிகாகோவுக்குப் பறந்து 1997இல் எம்பிஏ வாங்கினார். வேலையை விட்டுக் கடன் வாங்கிப் படிப்பது மட்டும்தான் வழி என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்கலாம். இவர்கள் விதிவிலக்கான மனிதர்கள், எல்லோருக்கும் இது நடக்காது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவர்கள் எட்டிய உயரத்தை அல்ல, வழியின் வடிவத்தை: முதல் வேலை ஒரு தங்குமிடம், முன்பு கற்ற தொழில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.

தொழில் தொடங்குகிறவர்களிலும் பலர் உடனே தொடங்குவதில்லை. கடன் அடைந்து, குடியுரிமையோ நிரந்தர வசிப்போ கிடைத்த பிறகு, முப்பதுகளின் கடைசியில் தொடங்குகிறார்கள். புதிதாகத் தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் சிறு கம்பெனியை வாங்கி நடத்துவது இன்னொரு வழி. 1984இல் பேராசிரியர் இர்விங் கிரௌஸ்பெக்கின் யோசனையில் பிறந்த 'சர்ச் ஃபண்ட்' இது. முதலீட்டாளர்கள் சிலர் சேர்ந்து பட்டதாரிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுத் தேடலுக்குப் பணம் தருவார்கள். வாரிசு இல்லாமல் ஓய்வுபெற நினைக்கும் ஒரு முதலாளியின் நல்ல லாபகரமான கம்பெனியை அவர் கண்டுபிடிக்க வேண்டும். வாங்கியதும் அவரே தலைமை அதிகாரி. இலக்குகளை எட்ட எட்டப் பங்கு கிடைக்கும், கால்வாசி வரை. பார்சிலோனாவின் ஐஇஎஸ்இ பள்ளி அமெரிக்காவுக்கு வெளியே இந்த முறை பரவுவதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. திருப்பூரிலும் கோவையிலும் ஹோசூரிலும் அடுத்த தலைமுறைக்கு விருப்பமில்லாத நல்ல பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

2022 கடைசியிலிருந்து தொழில்நுட்பக் கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. 2023இல் பெரிய கன்சல்டிங் நிறுவனங்களே ஆஃபர் கொடுத்தவர்களின் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிவைத்தன. சம்பளம் இல்லாமல் காத்திருப்பது எல்லோருக்கும் கஷ்டம்தான்; ஓபிடி நாள்கள் கரைந்துகொண்டிருக்கும்போது காத்திருப்பது இன்னும் கஷ்டம்.

போக நினைக்கிறவர்கள் பள்ளி அறிக்கையோடு நிற்காமல் லிங்க்ட்இன்னில் ஒரு மாலையைச் செலவிடலாம். அந்தப் பள்ளியில் ஐந்து, ஆறு ஆண்டுக்கு முன் முடித்தவர்களில், உங்களைப் போலவே இங்கே பொறியியலோ வணிகவியலோ படித்து, உங்கள் துறையிலேயே வேலை பார்த்துவிட்டுப் போனவர்களைத் தேடுங்கள். அவர்களுடைய முதல் வேலையை விட்டுவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். அவை எந்த நாட்டில் என்று பாருங்கள். நாலைந்து பேருக்கு எழுதி, சம்பளத்தைக் கேட்காமல், எந்த விசாவில் இருந்தீர்கள், கடன் எப்போது முடிந்தது, வகுப்பில் இருந்த மற்ற இந்தியர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். யாரும் எழுதாவிட்டால் பழைய மாணவர்களிடம் அறிமுகப்படுத்திவைக்கச் சொல்லிப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்திடமே கேட்கலாம். ஆஃபர் கடிதம் வந்து, முன்பணம் கட்டுவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.